பலகைப் படத்தின் வயது

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவைத் தமிழ் வாசகருக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அங்கேயே கடை வைத்திருந்த ஆ. மாதவன் அந்தத் தெருவைக் கதை கதையாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் பக்கமாக நீளும் இந்தச் சந்தையை 18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஏற்படுத்தியவர் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ். மலையாள ஊரின் நடுவில் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும் தெரு. அரிசி, பலசரக்கு, பாத்திரம், பூ எல்லாம் உண்டு. இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது நாட்டு மருந்துச் சரக்கு.

பழைய காலத்து ஓவியர் ஒருவர் அந்தச் சரக்குப் பட்டியலைக் கேட்டால் தம் வண்ணப் பெட்டியைத்தான் நினைத்துக்கொள்வார். சாதிலிங்கம் வைத்தியருக்கு மருந்து, அவருக்குச் சிவப்பு. அரிதாரம் அவருக்கு மஞ்சள். அவுரி கூந்தல் தைலத்துக்கும் போகும், கண்ணன் உடம்புக்கும் போகும். காவிக்கல், விளக்குக் கரி, கருவேலம் பிசின், புளியங்கொட்டை எல்லாம் இதே வகைச் சரக்குதான். இவற்றோடு ஒரு பலாப் பலகையும் கொஞ்சம் தங்க ரேக்கும் சேர்ந்தால் ஒரு தஞ்சாவூர்ப் படத்துக்கு வேண்டிய சாமான் ஏறக்குறைய வந்துவிடும். ‘பலகைப் படம்’ என்றுதான் அதைச் சொல்வார்கள்.

தஞ்சாவூர்ப் படம் தஞ்சாவூரோடு நின்றுவிடவில்லை. சுவாதித் திருநாள் 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்டபோது அவருடைய அரண்மனையில் பெயர் பெற்றிருந்த ஓவியர், மதுரையிலிருந்து வந்த அழகிரி நாயுடு. அவரிடம் பயின்றவர் கிளிமானூர் ராஜராஜ வர்மா. ராஜராஜ வர்மாவிடம் பயின்றவர் அவருடைய சகோதரி மகன் ரவி வர்மா. பின்னர் ஆண்ட ஆயில்யம் திருநாள் காலத்து அரண்மனை ஓவியரும் ஒரு தமிழர்தான், ராமசாமி நாயுடு. 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பியர் வந்து எண்ணெய் வண்ணத்தில் ராஜாவைத் தீட்டிக் காட்டும்வரை திருவனந்தபுரத்து அரண்மனை ஓவியத்தில் தமிழ்க் கைவாகு ஓங்கியிருந்தது. 1935-இல் திறக்கப்பட்ட ஸ்ரீசித்ரா ஓவியக் கூடத்துக்குப் போனால் ரவி வர்மாவும் ரஷ்ய ஓவியர் ரோரிக்கும் இருக்கும் அதே கட்டடத்தில் தஞ்சாவூர்ப் படங்களையும் பார்க்கலாம்.

வீட்டில் இருக்கும் பலகைப் படங்கள் ஒரு கட்டத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகின்றன. தறவாடு என்னும் கூட்டுக் குடும்ப வீடு பாகமாகிறது, பூஜையறை அலமாரியாகச் சுருங்குகிறது, பிள்ளைகள் கடல் கடந்து போகிறார்கள். சாமி படத்தை விற்க மனம் வராது. அது மடத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ தானமாகப் போய்ச் சேரும். கூடவே ஒரு கதையும் போகும். முந்நூறு வருஷத்துப் படம், ராஜா கையால் வாங்கியது, தீட்டியவர் பெயர் இன்னது. கொடுப்பவர் பொய் சொல்லவில்லை. பாட்டி சொன்னதைச் சொல்கிறார். ஆனால் இந்தக் கதைகளில் தலைமுறைக்கு ஒரு ஐம்பது வருஷம் தானாகக் கூடிவிடுவது வழக்கம். வாங்கி வைப்பவர்களும் கதையை அப்படியே அட்டையில் எழுதி மாட்டிவிடுகிறார்கள். அதன்பிறகு அது வரலாறாகிவிடுகிறது.

படத்திடமே வயதைக் கேட்க முடியுமா? முடியும். பதில் மட்டும் கொஞ்சம் சுற்றி வளைத்து வரும்.

முதலில் பலகையின் அமைப்பு. பலாப் பலகை அல்லது தேக்குப் பலகையின் மேல் புளியங்கொட்டைப் பசையால் துணியை ஒட்டுவார்கள். துணியின் மேல் சுண்ணாம்புச் சத்துள்ள பொடியைப் பசையோடு குழைத்துப் பூசித் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அதில் கோட்டுருவம். நகையும் மண்டபமும் வருமிடத்தில் மக்கு வைத்து மேடாக்கி, கண்ணாடிக் கற்களைப் பதித்து, தங்க ரேக்கை ஒட்டுவார்கள். வண்ணம் கடைசியில்தான். ஆக ஒரு படம் என்பது மரம், துணி, மண், உலோகம், வண்ணம் என்று ஐந்தாறு அடுக்கு. ஒவ்வோர் அடுக்கும் தன் வயதைத் தனியாகச் சொல்லும்.

மரத்திடமிருந்து தொடங்குவது இயல்பு. அங்கேதான் ஏமாற்றமும். ஐரோப்பாவில் கருவாலி மரப் பலகையின் வளையங்களை எண்ணி ஆண்டைச் சொல்கிறார்கள், ஏனென்றால் அங்கே குளிர்காலத்தில் மரம் வளர்ச்சியை நிறுத்துகிறது. நம் ஊர்ப் பலா ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்பது. அதில் எண்ணத் தக்க ஆண்டு வளையம் தெளிவாக விழாது. தேக்கு இலையுதிர்க்கும், வளையம் போடும். ஆனால் ஒரு சிறு படத்தின் பலகையில் ஒப்பிட்டுப் பார்க்கப் போதுமான வளையங்கள் இருப்பது அபூர்வம்.

அடுத்தது கதிரியக்கக் கரிமம். உயிரோடு இருக்கும்வரை மரமும் செடியும் காற்றிலிருந்து கரிமம்-14-ஐ எடுத்துக்கொண்டே இருக்கின்றன. செத்த பிறகு எடுப்பதில்லை. உள்ளே இருப்பது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிறது. மீதியை அளந்தால் செத்த காலம் தெரியும். சோழர் காலத்து மரத்துக்கு இது நன்றாக வேலை செய்யும். நம் பலகைப் படத்துக்குத்தான் செய்யாது. சுமார் 1650 முதல் 1950 வரை காற்றில் இருந்த கரிமம்-14-இன் அளவு ஏறி இறங்கிக் குழம்பிக் கிடக்கிறது. போதாக்குறைக்கு 19-ஆம் நூற்றாண்டிலிருந்து எரித்த நிலக்கரி, கரிமம்-14 சுத்தமாகத் தீர்ந்துபோன பழங்காலக் கரிமத்தைக் காற்றில் கொட்டியது. இதனால் 1680-இல் வெட்டிய மரமும் 1880-இல் வெட்டிய மரமும் சோதனையில் ஒரே விடையைத் தரக்கூடும். தஞ்சாவூர்ப் படங்களில் பெரும்பாலானவை பிறந்ததே இந்தக் குழப்பக் காலத்தில்தான்.

ஒரு காரியத்துக்கு மட்டும் இந்தச் சோதனை கத்தியாக வெட்டும். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. காற்றிலிருந்த கரிமம்-14 ஏறக்குறைய இரு மடங்கானது. அதற்குப் பிந்திய பல பத்தாண்டுகளில் விளைந்த பருத்தி, காய்த்த புளி, வளர்ந்த மரம் எல்லாவற்றிலும் அந்த முத்திரை இருக்கிறது. போலி செய்பவர் பழைய வீட்டுக் கதவை அறுத்துப் பலகையைத் தேடிக்கொள்ளலாம். ஆனால் அதன் மேல் ஒட்டும் துணி? பருத்தி ஒரே பருவத்தில் விளைவது, பழைய மரத்தைப் போல நூறு வருஷத்துக் கரிமத்தைச் சுமந்துகொண்டு வராது. எனவே மரத்தை விட்டுவிட்டுத் துணியின் ஓரத்து இழை ஒன்றைச் சோதிப்பதே புத்திசாலித்தனம். கரிமம்-14-ஐ அளக்கும் முடுக்கி நிறைமாலை முறைக்குச் சில மில்லிகிராம் போதும். இந்தியாவிலேயே, டெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தில், இதற்கான வசதி உண்டு.

இனி வண்ணம். என் கணக்கில் ஒரு படத்தின் மிக நல்ல சாட்சி இதுதான். காவியும் கரியும் கற்காலத்திலிருந்து மாறவில்லை, அவற்றிடம் வயது கேட்டுப் பயனில்லை. செயற்கை நிறமிகளுக்கு மட்டும் பிறந்த தேதி உண்டு. பிரஷ்ய நீலம் 1706 வாக்கில் பெர்லினில் தற்செயலாகக் கிடைத்தது. மரகதப் பச்சை என்று விற்ற செம்பு-ஆர்சனிக் பச்சை 1814. ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லசுலிக் கல்லை அரைத்துத்தான் எடுக்க முடியும் என்றிருந்த ஆழ்நீலத்தை மலிவாகச் செய்து காட்டுபவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று பிரான்சில் 1824-இல் அறிவித்தார்கள். 1828-இல் கிமே என்பவர் அதை வாங்கினார். துத்தநாக வெள்ளை நீர்வண்ணமாக 1834-இல் கடைக்கு வந்தது. டைட்டானிய வெள்ளை முதல் உலகப் போருக்குப் பிறகுதான் பரவியது. தாலோ நீலம் 1930-களின் நடுப்பகுதி.

1700-இல் தீட்டிய கிருஷ்ணனின் உடம்பில் பிரஷ்ய நீலம் இருக்க வழியில்லை. இருந்தால் படம் 1700 அல்ல. ஆனால் இல்லாமல் போனால்? ஒன்றும் தெரியாது. 1900-இல் அவுரியையே பிடித்துக்கொண்டிருந்த ஓவியரும் இருந்திருப்பார். நிறமி தரும் தீர்ப்பு எப்போதும் ‘இதற்கு முன்பு இல்லை’ என்பதோடு நிற்கும். ‘இந்த ஆண்டு’ என்று எந்தக் கருவியும் சொல்லாது. சொல்வதாகச் சொல்லும் ஆளிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நிறமியைக் கண்டுபிடிக்க முன்பெல்லாம் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இப்போது படத்தைத் தொடாமலே இரண்டு கேள்வி கேட்கலாம். முதல் கேள்வியை எக்ஸ் கதிர் கேட்கிறது. கையடக்கக் கருவி ஒன்று படத்தின் மேல் எக்ஸ் கதிரை விடும். அது அணுவின் உள்வட்டத்து எலெக்ட்ரானைத் தட்டிவிடும். காலியான இடத்துக்கு வெளிவட்டத்திலிருந்து ஒன்று இறங்கும்போது அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றலோடு ஒரு கதிர் வெளிவரும். பாதரசம் தெரிந்தால் சாதிலிங்கம், ஆர்சனிக் தெரிந்தால் அரிதாரம், ஈயம் தெரிந்தால் ஈய வெள்ளையோ ஈயச் செந்தூரமோ. தங்க ரேக்கில் எவ்வளவு தங்கம், எவ்வளவு செம்பு என்பதும் நிமிடத்தில் வெளிவந்துவிடும். இந்தச் சோதனை தருவது மளிகைச் சீட்டைத்தான், என்ன சமைத்தார்கள் என்று சொல்லாது. ஈயம் என்றால் வெள்ளையா சிவப்பா? இரும்பு என்றால் காவியா பிரஷ்ய நீலமா? அவுரி போன்ற தாவரச் சாயத்தில் உலோகமே இல்லை, அது சீட்டிலேயே ஏறாது.

இரண்டாவது கேள்விக்கு விடை தருபவர் நம்மவர். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் உறுதிசெய்த விளைவு இது. ஒற்றை நிற ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பதை அந்தப் பொருளின் மூலக்கூறு அதிரும் விதம் தீர்மானிக்கிறது. ராமனுக்குப் பாதரச விளக்கு. இன்றைக்கு லேசர். அந்த மாற்றத்தை அலையெண்ணில் (செ.மீ.⁻¹) குறித்தால், சாதிலிங்கத்தின் வலுவான கோடு 253-இல் விழும், ஆழ்நீலத்தின் கோடு 548-இல். பிரஷ்ய நீலம் 2,150-ஐ ஒட்டி விழும், அந்தப் பக்கம் வேறு நிறமிகள் அநேகமாக எட்டிப் பார்ப்பதில்லை. அவுரியும் இதில் தப்பாது. நம் மரபு வண்ணங்களில் தாவரச் சாயம் அதிகம் என்பதால் இந்தக் கருவி நமக்கென்றே செய்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

சிக்கலும் உண்டு. பழைய பிசினும் எண்ணெய்ப் பிசுக்கும் லேசர் பட்டதும் தாமே ஒளிரும், ராமன் கோடு அதில் அமுங்கிவிடும். கற்சுரங்கத்து ஆழ்நீலமும் தொழிற்சாலை ஆழ்நீலமும் அதே 548-ஐத்தான் காட்டும். அவற்றைப் பிரிக்க வேறு தந்திரம் வேண்டும். ஆப்கான் கல்லுக்குள் மிகப் பழங்காலத்துக் கரியமில வாயு சிறைப்பட்டிருக்கிறது, அகச்சிவப்பு நிறமாலையில் அது 2,340 பக்கம் தலைகாட்டும். தொழிற்சாலை நீலத்தில் அது கிடையாது.

கேரளச் சுவரோவியங்களில் வரும் பச்சையைப் பற்றி ஒரு சின்னக் கிளைக்கதை. அவுரியோடு, மலையாளிகள் இரவிக்கறை என்று சொல்லும் ஒரு மரத்தின் மஞ்சள் பிசினைக் கலந்தால் அந்தப் பச்சை வரும். அதே இனத்து மரங்களின் பிசின் ஐரோப்பாவுக்கும் ஓவியச் சரக்காகப் போனது. ழான் பெரேன் என்ற பிரெஞ்சு இயற்பியலர் 1908-இல் அதை வாங்கித் தண்ணீரில் கரைத்தார். ஒரு கிலோ பிசினிலிருந்து மாதக்கணக்கில் பிரித்து, ஒரே அளவுள்ள மணிகளாகக் கிராமில் ஒரு சிறு பங்கை எடுத்தார். நுண்ணோக்கியில் அந்த மணிகள் நடுங்கி அலைவதை அளந்து, ஐன்ஸ்டைனின் கணக்கு சரி என்றும் அணுக்கள் உண்மையிலேயே இருக்கின்றன என்றும் காட்டினார். 1926-இல் நோபல் பரிசு. பெருமாளின் உடம்பில் பச்சையாக ஏறிய சரக்குக்கு அணுவை நிரூபித்த பெருமையும் உண்டு.

திரும்பவும் படத்துக்கு வருவோம். கிருஷ்ணனின் கண் வெள்ளையில் டைட்டானியம் தெரிகிறது என்று வையுங்கள். படம் முதல் உலகப் போருக்குப் பிந்தியது என்று முடிவு கட்டலாமா? கூடாது. 1960-இல் யாரோ ஒரு பக்தர் மங்கிய கண்ணுக்கு மறுபடி வெள்ளை வைத்திருக்கலாம். இதைத் தீர்க்கக் கடுகிலும் சிறிய ஒரு செதிளை எடுத்து, பிசினில் பதித்து, குறுக்கே தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அடுக்குகள் வரிசையாகத் தெரியும். சுண்ணாம்புக்கு நேர் மேலே டைட்டானியம் உட்கார்ந்திருந்தால் படமே புதிது. நடுவில் பழைய வண்ணமும் அதன் மேல் விளக்குப் புகையின் கரிய கோடும் இருந்து, அதற்கும் மேலே டைட்டானியம் இருந்தால், படம் பழையது, கண் புதிது. அந்தக் கரிக்கோடு பல வருஷம் எரிந்த நல்லெண்ணெய் விளக்கும் கற்பூரமும் விட்டுப்போனது. நாம் அழுக்கு என்று துடைக்கத் துடிக்கும் அதே அடுக்குதான் வழக்கின் முக்கியச் சாட்சி.

மேல்பூச்சு எவ்வளவு பெரிய ஏமாற்றுக்காரன் என்பதற்கு உலகத்திலேயே நல்ல உதாரணம் எகிப்தில் சினாய் மலையடிவாரத்துப் புனித கேத்தரின் மடத்தில் இருக்கிறது. கிறிஸ்துவின் முகத்தை உருக்கிய மெழுகு வண்ணத்தில் பலகை மேல் தீட்டிய படம், உயரம் 84 சென்டிமீட்டர். 6-ஆம் நூற்றாண்டில் மடத்தைக் கட்டிய பேரரசர் ஜஸ்டினியன் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து அனுப்பிய நன்கொடையாக அது இருக்கலாம் என்பது அறிஞர்களின் கருத்து. நெடுங்காலம் அதை 13-ஆம் நூற்றாண்டுப் படம் என்றே நினைத்திருந்தார்கள். 1962-இல் கவனமாகச் சுத்தம் செய்தபோதுதான் 13-ஆம் நூற்றாண்டில் ஏற்றிய மேல்வண்ணம் விலகி, அடியில் எழுநூறு ஆண்டு மூத்த முகம் தெரிந்தது. இன்றைக்கு மிஞ்சியுள்ள மிகப் பழைய கிறிஸ்து படங்களில் அது ஒன்று. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட திருவுருவப் படங்கள் அந்த மடத்தில் பிழைத்துக் கிடப்பதற்குப் பாலைவனத்தின் வறட்சி ஒரு காரணம். பைசாந்தியப் பேரரசு 8-ஆம் நூற்றாண்டில் படங்களை அழிக்கத் தொடங்கியபோது சினாய் முஸ்லிம் ஆட்சியில், பேரரசரின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது இன்னொரு காரணம்.

நமக்கும் இப்படி ஒன்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். மறுபடி வெளிச்சம் பார்த்தது ஏறக்குறைய தொள்ளாயிரம் வருஷத்துப் பழைய வண்ணம். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலர் எஸ். பரமசிவன் அந்தச் சுண்ணாம்பையும் வண்ணத்தையும் அடுத்த சில ஆண்டுகளில் பகுத்தாராய்ந்தார். பின்னர் தொல்லியல் துறை நாயக்கர் அடுக்கை உரித்தெடுத்துத் தனிப் பலகையில் ஏற்றிக் காப்பாற்றியது. கீழே இருப்பதைப் பார்ப்பதற்காக மேலே இருப்பதை அழிக்கவில்லை என்பதே அந்த வேலையின் சிறப்பு.

திருவனந்தபுரத்தின் காற்று சினாயின் காற்று அல்ல. இரண்டு பருவமழை, பக்கத்தில் கடல், ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் எழுபது விழுக்காட்டுக்கு மேல். பலகை ஈரத்தை உறிஞ்சி இழைக்குக் குறுக்கே விரியும், கோடையில் சுருங்கும். அதன் மேல் இருக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கு விரியவும் தெரியாது சுருங்கவும் தெரியாது. வெடிக்கும், செதிள் செதிளாக எழும்பும். புளியங்கொட்டைப் பசை சர்க்கரை மூலக்கூறுகளின் சங்கிலி, பூஞ்சைக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. கண்ணாடியை ஒட்டிச் சட்டம் போட்ட படத்தில் உள்ளே வியர்த்து வண்ணம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் அரிதாரத்தை வெளுக்க வைக்கும், சாதிலிங்கத்தைக் கறுக்க வைக்கும். கந்தக வாயு ஈய வெள்ளையைக் கறுப்பாக்கும், சில படங்களில் சாமியின் முகம் கறுத்திருப்பதற்குப் பக்திக் காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் இவற்றையெல்லாம் விடப் பெரிய சேதத்தைச் செய்வது மனிதக் கை. தானமாக வந்த படத்தைப் ‘புதுப்பித்து’ மாட்ட வேண்டும் என்ற ஆசை. மங்கின இடத்துக்கு அக்ரிலிக் வண்ணம், உதிர்ந்த இடத்துக்குப் புது ரேக்கு, மேலே பளபளவென்று வார்னிஷ். வேலை செய்பவர் திறமைசாலியாகவே இருப்பார். ஆனால் அந்த ஒரு வாரத்தில் இருநூறு வருஷத்துச் சாட்சி போய்விடும். பூச்சியும் பூஞ்சையும் மெல்லத்தான் தின்கின்றன. புதுப்பித்தல் ஒரேயடியாகத் தின்றுவிடுகிறது.

உங்கள் வீட்டில் ஒரு பழைய சாமி படம் இருந்து, அதை மடத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ கொடுக்க நினைத்திருந்தால், முதலில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியால் முகத்தைப் பாருங்கள். வண்ணம் பொடிப் பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது ரவி வர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கினாரே, அந்த மாதிரி அச்சகத்தில் அடித்த கல்லச்சுப் படம். ஜரிகையும் மணியும் ஒட்டி அலங்கரித்ததால் பலகைப் படம்போலத் தோன்றும். அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் அது வேறு கணக்கு. தூரிகை ஓட்டம் தெரிந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், சட்டத்தைக் கழற்றாதீர்கள். முன்பக்கத்தைப் போலவே பின்பக்கத்தையும் புகைப்படம் எடுங்கள், கடைக்காரர் ஒட்டிய சீட்டோ பென்சில் எழுத்தோ அங்கேதான் இருக்கும். பாட்டி சொன்ன கதையை, அவர் எப்போது சொன்னார் என்பதோடு சேர்த்து ஒரு தாளில் எழுதிப் படத்தோடு கொடுங்கள். சுத்தம் செய்வதா வேண்டாமா என்ற முடிவை, படத்தைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்த வேதியியலரிடம் விட்டுவிடுங்கள்.